பெரிய நிறுவனத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் இன்டர்வியூ: முதல் அழைப்பிலிருந்து ஆஃபர் வரை

நான் முதன்முதலாக இன்டர்வியூ எடுக்க உட்கார்ந்த நாளில் எதிரே வந்தவர் நல்ல திறமைசாலி. கேள்வியைப் படித்தார். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. பிறகு மடமடவென்று எழுதி முடித்தார். விடை சரி. அழைப்பு முடிந்ததும் மதிப்பீட்டுப் படிவத்தைத் திறந்தேன். சிக்கலை எப்படிப் பிரித்துப் பார்த்தார்? வேறு என்ன வழிகளை யோசித்தார், அவற்றை ஏன் விட்டார்? எழுதியதை எப்படிச் சோதித்தார்? இந்தக் கட்டங்களில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. அவரை நேரில் பார்க்காத, என் குறிப்பை மட்டும் படித்தவர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

அதற்கு முன்பு நானும் பலமுறை அந்தப் பக்கம் உட்கார்ந்து தோற்றிருக்கிறேன், ஜெயித்திருக்கிறேன். ஆனால் இன்டர்வியூ என்றால் என்ன என்பது எனக்கு அந்தப் படிவத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உங்கள் திறமை உங்கள் தலைக்குள் இருக்கிறது. முடிவெடுப்பவர்கள் கையில் இருப்பது வேறொருவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் குறிப்பை எழுதுபவருக்குச் சரக்கு கொடுப்பதுதான் இன்டர்வியூவில் உங்கள் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

சுற்றுகள் எப்படிப் போகும்

பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ரெக்ரூட்டரோடு 20 அல்லது 30 நிமிடப் பேச்சு. பிறகு ஆன்லைன் டெஸ்ட், அல்லது 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை ஒரு கோடிங் இன்டர்வியூ. சில இடங்களில் இரண்டும் உண்டு. அதைத் தாண்டினால் 4 அல்லது 5 இன்டர்வியூக்கள் கொண்ட பெரிய சுற்று. ஒரே நாளில் நடக்கலாம், இரண்டு மூன்று நாட்களாகவும் பிரிக்கலாம். கோடிங், சிஸ்டம் டிசைன் (பெரிய மென்பொருள் அமைப்பை வடிவமைப்பது), பிஹேவியரல் (வேலையில் நீங்கள் நடந்துகொண்ட விதம்) எல்லாம் இதில் கலந்து வரும். படிப்பு முடித்து நேராக வருபவர்களுக்குச் சிஸ்டம் டிசைன் பெரும்பாலும் இருக்காது.

முடிவு எடுக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். கூகுளில் உங்களை இன்டர்வியூ எடுக்காதவர்கள் அடங்கிய ஒரு குழு குறிப்புகளைப் படித்து முடிவு சொல்லும் வழக்கம் உண்டு. அமேசானில் ‘பார் ரெய்சர்’ என்று ஒருவர் வருவார். அவர் உங்களை எடுக்கப்போகும் டீமைச் சேர்ந்தவர் அல்ல. ஆள் தேவை என்ற அவசரத்தில் தரம் இறங்கிவிடாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. இன்டர்வியூ எடுத்த எல்லோரும் பிறகு கூடி, எழுதியதை வைத்து விவாதிப்பார்கள்.

கூகுள் தன் பழைய இன்டர்வியூ தரவுகளை அலசியபோது, ஒருவரை எடுக்கலாமா என்பதை 4 இன்டர்வியூக்களிலேயே 86 சதவீத நம்பிக்கையோடு கணிக்க முடிகிறது, அதற்கு மேல் போனால் பெரிய பலன் இல்லை என்று கண்டது. இதில் உங்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. பல பேருடைய கருத்தைச் சேர்த்துப் பார்ப்பதால் ஒரு ரவுண்டு சொதப்பினால் எல்லாம் போய்விட்டது என்று ஆகாது. எனக்கு ஒருமுறை இரண்டாவது ரவுண்டு மோசமாகப் போனது. மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் மூன்றாவதும் போனது. ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் எழுந்து தண்ணீர் குடியுங்கள், முகம் கழுவுங்கள், முந்தைய கேள்வியின் விடையைத் தேடிப் பார்க்காதீர்கள். அடுத்து வருபவருக்கு முன்னால் நடந்தது பெரும்பாலும் தெரியாது.

ரெஸ்யூம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஆனால் ஒரு விதி முக்கியம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் பற்றிப் பத்து நிமிடம் பேச முடிய வேண்டும். ‘பேமென்ட் சேவையில் பணியாற்றினேன்’ என்ற வரியிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ‘நெட்வொர்க் அறுந்து மறுபடி முயலும்போது ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து இதை நிறுத்தினேன்’ என்றால் படிப்பவருக்கு அடுத்த கேள்வி தானாக எழும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கும். பெயரளவுக்குத் தெரிந்த டெக்னாலஜிகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தகவல் ஓட்டத்தைக் கையாளும் காஃப்கா என்று எழுதியிருந்தால், அது தரவைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் பற்றிக் கேட்பார்கள்.

உள்ளே வேலை செய்யும் யாராவது ரெஃபரல் கொடுத்தால் ரெஸ்யூம் கண்ணில் படும் வாய்ப்பு கூடும். அவ்வளவுதான். இன்டர்வியூவில் அதற்கு மதிப்பெண் இல்லை.

ரெக்ரூட்டர் அழைப்பு

பலர் ரெக்ரூட்டரைத் தாண்ட வேண்டிய சுவராக நினைக்கிறார்கள். நீங்கள் தேர்வானால் அவருக்கும் அது வெற்றிதான். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: எத்தனை சுற்று, ஒவ்வொன்றும் எதைப் பற்றி, எந்த மொழியில் எழுதலாம், எழுதியதை ஓட்டிப் பார்க்க முடியுமா அல்லது வெறும் எடிட்டர்தானா, எந்த லெவலுக்கு (பதவி நிலைக்கு) உங்களைப் பார்க்கிறார்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். லெவலைப் பொறுத்துக் கேள்வியின் கனம் மாறும், பின்னால் சம்பளமும் மாறும்.

ஏஐ கருவிகளைப் பற்றியும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் முழுத் தடை வைத்திருக்கின்றன, சில நிறுவனங்கள் ஏஐ உதவியோடு எழுதும் ரவுண்டையே தனியாக வைக்கின்றன. தடை உள்ள இடத்தில் ஒளித்துப் பயன்படுத்துவது நேர்மையும் இல்லை, பயனும் இல்லை. கேள்வி வந்ததும் கண் ஓரமாகப் போய்த் திரும்புவதும், சொல்லும் வாக்கியம் திடீரென்று புத்தக நடைக்கு மாறுவதும் எதிரே இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால், “பொறுப்பும் லெவலும் தெளிவான பிறகு பேசலாம், இந்த லெவலுக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன?” என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

தயாரிப்பு: எத்தனை வாரம், எதைப் படிப்பது

வேலையில் இருந்துகொண்டு படிப்பவருக்கு 8 முதல் 12 வாரம் என்பது என் கணக்கு. தினம் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். வரிசை (அர்ரே), ஹேஷ் மேப் (சாவியைக் கொடுத்தால் மதிப்பை உடனே தரும் அட்டவணை), இரண்டு சுட்டிகள், ஸ்லைடிங் விண்டோ, பைனரி சர்ச், ஸ்டாக், ட்ரீ, கிராஃப் தேடல்கள், ஹீப், பேக்ட்ராக்கிங், டைனமிக் புரோகிராமிங் என்ற வரிசையில் போகலாம். லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் 500 கணக்கு போட்டேன் என்று சொல்பவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 150 கணக்குகளை, விடையை மறந்த பிறகு மறுபடியும் புதிதாகப் போட முடிந்தால் அதுவே பெரிய பலம். ஒரு கணக்கைப் போட்ட பிறகு, ‘இதில் என்ன அடையாளத்தைப் பார்த்து இந்த வழி தோன்றியது?’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ‘வரிசைப்படுத்தப்பட்டிருந்தது, அதனால் பைனரி சர்ச்’ என்பது போல. இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் திருப்பிப் பார்க்க அந்த வரிகள் மட்டும் போதும்.

25 நிமிடம் முட்டி மோதியும் வரவில்லை என்றால் விடையைப் பாருங்கள். பார்த்துவிட்டு மூடி, மூன்று நாள் கழித்து வெறும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த மூன்றாவது நாள் முயற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஆன்லைன் டெஸ்ட்

இங்கே மனிதர் இல்லை, நீங்கள் எழுதியதைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ்தான் நீதிபதி. அதனால் கேள்வியின் அடியில் இருக்கும் இன்புட் அளவின் எல்லைகளை முதலில் படியுங்கள். எந்த வழியில் போவது என்பதற்கான குறிப்பு அங்கேயே இருக்கிறது. வேகமான மொழியில் 1 நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய கணக்குகள் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்புட்டின் அளவான n என்பது 20 வரைதான் என்றால், எல்லாச் சேர்க்கைகளையும் முயன்றாலும் 10,48,576 தான், தாராளமாக ஓடும். 500 என்றால் மூன்று லூப் போட்டாலும் 12.5 கோடி, சமாளிக்கலாம். 5,000 என்றால் இரண்டு லூப், 2.5 கோடி. 1 லட்சம் என்று பார்த்தால் இரண்டு லூப் 1,000 கோடி ஆகிவிடும், ஓடாது. அங்கே n log n அல்லது அதற்கும் குறைவாக யோசிக்க வேண்டும். பைத்தானில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கமாகப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கேள்விகளையும் முதல் 5 நிமிடத்தில் படித்துவிடுங்கள். கடினமானது முதலில் வந்து, எளிதானது கடைசியில் உட்கார்ந்திருக்கலாம். முழு விடை வராவிட்டாலும் புரூட் ஃபோர்ஸ் (எல்லா வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாக முயலும் நேரடி வழி) எழுதிச் சமர்ப்பியுங்கள். பல டெஸ்டுகளில் தேறிய கேஸ்களுக்கு ஏற்ப மதிப்பெண் உண்டு.

கோடிங் ரவுண்டு

இதுதான் மையம், இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே நேரம் கொடுப்போம். என்னை ஒருமுறை வீழ்த்திய கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன அந்த இரண்டாவது ரவுண்டின் கேள்வி அது.

கேள்வி: ஓர் எண் வரிசை கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்து இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குச் சமமாக வரும் துண்டுகள் எத்தனை?

கேட்டவுடனே எனக்கு ஸ்லைடிங் விண்டோ என்று பொறி தட்டியது. தொகை குறைவாக இருந்தால் வலப்பக்கம் நீட்டு, அதிகமானால் இடப்பக்கம் சுருக்கு. உற்சாகமாக எழுதத் தொடங்கிவிட்டேன். 15 நிமிடம் கழித்து அவர், “மைனஸ் எண்கள் இருந்தால்?” என்று கேட்டார். வரிசையில் மைனஸ் எண் இருந்தால் நீட்டும்போது தொகை குறையலாம், சுருக்கும்போது கூடலாம். மொத்த வழியும் இடிந்துவிட்டது. மீதி நேரத்தில் மீள முடியவில்லை.

இப்போது அதே கேள்வி வந்தால் எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் 5 நிமிடம், கேள்வி கேட்பதற்கு. “மைனஸ் எண்கள் வருமா? பூஜ்யம்? வரிசை எவ்வளவு நீளம்? காலியாக இருக்கலாமா? எண்ணிக்கை மட்டும் போதுமா, துண்டுகளையே தர வேண்டுமா?” இவை நேரத்தைக் கடத்தும் கேள்விகள் அல்ல. பல இன்டர்வியூவர்கள் வேண்டுமென்றே கேள்வியில் ஓட்டை விடுவார்கள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தீர்களா என்பது குறிப்பில் ஒரு வரி.

அடுத்து, ஒரு சின்ன உதாரணத்தை எடிட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை 2, 5, -5, 5, 2. வேண்டிய தொகை 7. கையாலேயே எண்ணுங்கள்: முதல் இரண்டு எண்கள், முதல் நான்கு எண்கள், கடைசி நான்கு எண்கள், கடைசி இரண்டு எண்கள். மொத்தம் 4. “நான் புரிந்துகொண்டது சரிதானா?” என்று கேளுங்கள். தவறாகப் புரிந்துகொண்டு 40 நிமிடம் ஓடுவதைவிட இங்கேயே திருத்திக்கொள்வது மேல்.

பிறகு புரூட் ஃபோர்ஸ் வழியை வாயால் சொல்லுங்கள், எழுத வேண்டாம். “ஒவ்வொரு தொடக்கத்திலிருந்தும் ஒவ்வொரு முடிவு வரை கூட்டிப் பார்க்கலாம், அது n ஸ்கொயர், அதாவது நீளத்தின் வர்க்கம். நீளம் 1 லட்சம் என்றால் போதாது.” ஒரு நிமிடப் பேச்சுதான். ஆனால் இது உங்கள் குறிப்பில் ‘வேலை செய்யும் ஒரு வழி கையில் இருக்கிறது’ என்று பதிந்துவிடும்.

சரி, இதை எப்படிச் சிறப்பாக்குவது? இங்கே நீங்கள் யோசிப்பது காதில் விழ வேண்டும். “ஒரே கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன். தொடக்கத்திலிருந்து இதுவரையான தொகையை வைத்துக்கொண்டால், எந்தத் துண்டின் தொகையும் இரண்டு மொத்தங்களின் வித்தியாசம்தான். இப்போதைய மொத்தத்திலிருந்து 7 கழித்தால் வரும் எண், முன்னால் எத்தனை முறை மொத்தமாக வந்தது என்று தெரிந்தால் போதும். அதை ஹேஷ் மேப்பில் வைக்கலாம்.” இப்படிச் சொல்லிவிட்டு, “இந்த வழியில் எழுதட்டுமா?” என்று ஒப்புதல் வாங்குங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு ஹின்ட்.

எழுதி முடித்ததும் “முடிந்தது” என்று சொல்லாமல், நீங்களே டிரை ரன் செய்யுங்கள், அதாவது கையால் ஓட்டிப் பாருங்கள். நமது உதாரணத்தில் தொடக்க மொத்தம் 0. பிறகு வரிசையாக 2, 7, 2, 7, 9. மொத்தம் 7 ஆகும் இரண்டு இடங்களிலும் 0 முன்னால் வந்திருக்கிறதா என்று பார்க்கிறோம், ஒவ்வொன்றுக்கும் 1. 9 வரும்போது 2 என்பது முன்னால் இரண்டு முறை வந்திருக்கிறது, அதற்கு 2. ஆக 4. இதில் ஒரு நுணுக்கம்: மேப்பில் ஆரம்பத்திலேயே ‘0 ஒருமுறை வந்தது’ என்று போடாவிட்டால், வரிசையின் தொடக்கத்திலிருந்து கிளம்பும் இரண்டு துண்டுகளும் தவறிப்போய் விடை 2 என்று வரும். டிரை ரன் செய்பவர் இந்தப் பிழையைத் தானே பிடிப்பார். தானே பிடித்த பிழை குறிப்பில் குறையாகப் பதியாது, பலமாகப் பதியும்.

சோதிப்பது ஆரம்பநிலைக்காரர்களின் வேலை என்று யாராவது நினைத்தால் ஒரு தகவல். ஜாவா நூலகத்தின் பைனரி சர்ச்சில் பல ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-ல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது, தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் மைனஸாகிவிடும். மிகப் பெரிய வரிசைகளில் மட்டும் தலைகாட்டும் பிழை. கூட்டிப் பாதியாக்குவதற்குப் பதில், வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினால் தீர்ந்தது. பைனரி சர்ச் கேட்கப்பட்டால் இதை ஒரு வரியில் சொல்லுங்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டால்? மௌனம் மட்டும் வேண்டாம். “இந்த இடத்தில் எனக்கு ஒரே பார்வையில் கண்டுபிடிக்கும் வழி தேவைப்படுகிறது, வரிசைப்படுத்தினால் இடங்கள் கலைந்துவிடும், அதனால் அது ஆகாது” என்று மாட்டிக்கொண்ட இடத்தையே விவரியுங்கள். ஹின்ட் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இன்டர்வியூ எடுக்கும்போது, ஹின்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் போனவரைப் பற்றி மகிழ்ச்சியாகவே எழுதியிருக்கிறேன். ஹின்ட்டைக் காதில் வாங்காமல் தன் வழியிலேயே போனவரைப் பற்றித்தான் எழுதக் கஷ்டமாக இருக்கும்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்குகிறதே

வீட்டில் தனியாகப் போட்ட கணக்கு, எதிரே ஆள் இருக்கும்போது வரவில்லை என்று மனம் நொந்தவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 48 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை இன்டர்வியூவர் பார்க்க வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். மற்றவர்களைத் தனி அறையில் தனியாக எழுதச் சொன்னார்கள். பார்க்கப்பட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போனது. பார்க்கப்பட்ட பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை, தனி அறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் நடுக்கத்தை அறிவுக் குறை என்று நினைத்து உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இது போதும்.

இதற்கு மருந்து ஒன்றுதான், ஆள் முன்னால் பழகுவது. மாக் இன்டர்வியூ, அதாவது ஒத்திகை, குறைந்தது ஐந்து முறையாவது செய்யுங்கள். நண்பர் கிடைத்தால் அவரிடம் டைமர் வைக்கச் சொல்லி, கேமராவை ஆன் செய்து, நிஜம் போலவே நடத்துங்கள். பிறகு அவரை ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுத முடியாமல் விட்ட இடங்கள்தான் நீங்கள் பேச வேண்டிய இடங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சத்தமாகப் பேசிக்கொண்டே ஒரு கணக்கைப் போட்டுப் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கவே சங்கடமாக இருக்கும், இரண்டாவது தடவையிலேயே மாற்றம் தெரியும்.

சிஸ்டம் டிசைன்

‘நீளமான யூஆர்எல்லைச் சுருக்கும் சேவையை வடிவமைக்கவும்’ என்று கேட்கிறார்கள். உடனே பெட்டி வரைந்து, லோட் பேலன்சர் (சுமையைப் பிரித்து அனுப்புவது), கேஷ் (வேகமான தற்காலிகச் சேமிப்பு), டேட்டாபேஸ் என்று அம்பு போடத் தொடங்காதீர்கள். முதலில் அளவைக் கேளுங்கள். மாதம் 10 கோடி புதிய இணைப்புகள் என்று சொன்னால், ஒரு நாளைக்கு 86,400 நொடி என்ற கணக்கில், நொடிக்கு ஏறக்குறைய 40 எழுதும் வேலைகள். ஒரு இணைப்பை உருவாக்கினால் 100 முறை திறக்கிறார்கள் என்று வைத்தால், நொடிக்கு 4,000 வாசிப்பு. ஒரு பதிவுக்கு 500 பைட் என்றால் மாதம் 50 ஜிபி, 5 ஆண்டுக்கு 3 டிபி. இந்தக் கணக்கு முடிந்ததுமே வடிவம் பாதி தெரிந்துவிடுகிறது: எழுதும் சுமை மிகக் குறைவு, வாசிக்கும் சுமைக்கு கேஷ் வேண்டும், சேமிப்பு ஒன்றும் பயமுறுத்தும் அளவில்லை.

சுருக்கிய பெயருக்கு எத்தனை எழுத்து? ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, எண்கள் சேர்த்து 62. ஆறு எழுத்து வைத்தால் சுமார் 5,680 கோடி பெயர்கள், ஏழு வைத்தால் சுமார் 3.5 லட்சம் கோடி. நம் தேவை 5 ஆண்டுக்கு 600 கோடி. ஆறே போதும், ஆனால் ஊகித்துக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்க ஏழு வைக்கலாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

பிறகு நீங்களாகவே ஓர் ஆழமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்குப் பிடித்தது, சுருக்கிய இணைப்பைத் திறப்பவரை அசல் முகவரிக்குத் திருப்பும்போது சர்வர் அனுப்பும் குறியீடு 301-ஆ 302-ஆ என்ற கேள்வி. 301 நிரந்தரத் திருப்பம், உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நம் சர்வருக்கே வராமல் போகலாம். சுமை குறையும், ஆனால் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு தப்பிப்போகும். 302 என்றால் பொதுவாக ஒவ்வொரு முறையும் நம்மிடம் வரும். எது சரி என்பது அந்தச் சேவை எதற்கு என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு தேர்விலும் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் மூத்த இன்ஜினியர் என்று குறிப்பில் எழுதுவோம். எல்லாச் சிக்கலுக்கும் மைக்ரோசர்வீஸ், காஃப்கா என்று பதில் வைத்திருப்பவரை அப்படி எழுத முடியாது.

பிஹேவியரல் ரவுண்டு

இதைக் கதை பேசும் ரவுண்டு என்று நினைத்துத் தயாரிக்காமல் போகிறவர்கள் ஏராளம். லெவலைத் தீர்மானிப்பதில் இந்த ரவுண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அமேசானில் 16 தலைமைக் கோட்பாடுகள் பொதுவெளியிலேயே இருக்கின்றன, கேள்விகள் அவற்றைச் சுற்றித்தான் வரும்.

உங்கள் வேலையிலிருந்து 6 முதல் 8 சம்பவங்களை எழுதி வையுங்கள். கருத்து மோதல், தவறிய கெடு, நீங்கள் செய்த பிழை, யாரும் சொல்லாமல் நீங்களாக எடுத்துச் செய்த வேலை, ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தது. சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற ஸ்டார் (STAR) வரிசையில் சொல்லலாம். சூழ்நிலைக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். பெரும்பாலோர் அதிலேயே 4 நிமிடம் செலவழித்துவிடுகிறார்கள்.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இங்கே உண்டு. ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை என்று பழகிவிட்டோம். “நாங்கள் டேட்டாபேஸை மாற்றினோம், நாங்கள் சரிசெய்தோம்” என்றே பேச வரும். குறிப்பு எழுதுபவருக்கு அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. “இரவு 2 மணிக்கு அலர்ட் வந்தது. கனெக்ஷன்கள் தீர்ந்துபோயிருந்தன. முந்தைய நாள் வெளியான மாற்றத்தை நான் பின்வாங்கினேன், 12 நிமிடத்தில் சேவை திரும்பியது. மறுநாள் காரணத்தைத் தேடியபோது, பிழை ஏற்படும் பாதையில் கனெக்ஷனைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தது தெரிந்தது. அதை எழுதியது நான்தான். சரிசெய்ததோடு, அப்படி விட்டால் பில்டே நிற்கும்படி ஒரு சோதனையும் சேர்த்தேன்.” இதில் பெருமை அடிப்பது எங்கே இருக்கிறது? நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். சக ஊழியர் செய்ததை அவர் செய்தார் என்றும் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் நம்பிக்கை வரும்.

தோல்வியைக் கேட்டால் நிஜத் தோல்வியைச் சொல்லுங்கள். “நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்” போன்ற பதிலைக் கேட்டால் அந்தக் கட்டத்தை நாங்கள் காலியாகத்தான் விட வேண்டியிருக்கும்.

கடைசி 5 நிமிடத்தில் “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். “போன மாதம் உங்கள் டீமில் எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தின் உண்மை நிலவரம் பதிலில் வந்துவிடும்.

முடிவு வந்த பிறகு

தேர்வானால், ஆஃபரை வாங்கிய அந்த அழைப்பிலேயே சரி சொல்ல வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், சில நாள் அவகாசம் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம், போனஸ், நிறுவனத்தின் பங்கு (ஷேர்) என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பங்கு பொதுவாக 4 ஆண்டுகளில் பிரிந்து கைக்கு வரும். எந்த ஆண்டு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமேசானில் நெடுங்காலமாக இருந்த முறையில் முதல் ஆண்டு 5 சதவீதம், இரண்டாம் ஆண்டு 15, அடுத்த இரண்டு ஆண்டுகளும் 40, 40. மொத்தத் தொகையை 4-ஆல் வகுத்துப் பார்த்தால் முதல் ஆண்டு ஏமாற்றமாக இருக்கும். பல இடங்களில் 1 ஆண்டு முடிவதற்குள் விலகினால் பங்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொரு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருந்தால் உள்ளபடி சொல்லிப் பேசுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கேட்ட லெவலுக்கு ஒரு படி கீழே கொடுத்தால், எந்த ரவுண்டின் கருத்தால் அப்படி ஆனது என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

தேர்வாகவில்லை என்றால் அது வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஹோம்ப்ரூ என்ற பிரபலமான மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், 2015-ல் கூகுள் தன்னை எடுக்கவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். அங்கே பெரும்பாலான இன்ஜினியர்கள் தன் மென்பொருளைப் பயன்படுத்தினாலும், ஒரு பைனரி ட்ரீயைப் பலகையில் தலைகீழாக்க முடியாததால் நிராகரித்தார்கள் என்பது அவர் வருத்தம். இந்த முறை நல்லவர்களையும் தவறவிடும். தவறான ஆளை எடுப்பதைவிட நல்ல ஆளைத் தவறவிடுவது குறைந்த நஷ்டம் என்று பெரிய நிறுவனங்கள் கணக்குப் போடுகின்றன. அதில் உங்கள் மதிப்பு அடங்கிவிடவில்லை.

ரெக்ரூட்டருக்கு நன்றி சொல்லி, எந்தப் பகுதியில் குறை என்று கேளுங்கள். விவரமாகச் சொல்ல மாட்டார்கள், ‘கோடிங்’ அல்லது ‘டிசைன்’ என்ற ஒரு சொல் கிடைத்தாலும் பயன்தான். மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்றும் கேளுங்கள். பல இடங்களில் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

அப்புறம், இன்டர்வியூ முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், நினைவு மங்குவதற்கு முன், ஒரு நோட்டில் உங்களுக்கு நீங்களே இன்டர்வியூவராக இருந்து குறிப்பு எழுதுங்கள். என்ன கேட்டார்கள், எங்கே நின்றேன், எந்த ஹின்ட்டைத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். இதை வெளியிடுவதற்காக எழுத வேண்டாம், கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தம் வாங்குகின்றன. அந்தத் தோல்வி நாளில் நான் எழுதிய முதல் வரி, ‘கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொள்ளாமல் எழுத ஆரம்பித்துவிட்டேன்’ என்பது. ஏழு மாதம் கழித்து அதே நிறுவனம் மறுபடி அழைத்தது. கேள்வி வேறு, இன்டர்வியூவர் வேறு. அவர் கேள்வியைப் படித்து முடித்ததும் நான் முதலில் கேட்டது, இன்புட்டில் மைனஸ் எண்கள் வருமா என்பதைத்தான். “நல்ல கேள்வி” என்றார், கீபோர்டில் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது.